பாலத்துக்குக் கட்டிய மாலை

கல்லுமலைத் தோட்டத்துக்கு யாராவது பெரியவர் வருகிறார் என்றால் முதலில் ஆள் ஓடுவது தம்பையாவின் வீட்டுக்குத்தான். புதிய துரை பொறுப்பெடுக்க வந்தாலும், சங்கத்துப் பெரியவர்கள் வந்தாலும், திருவிழாவுக்கு வெளியூர்ப் பூசாரி வந்தாலும் மாலை கட்டுவது அவர். பரம்பரைப் பூக்காரர் அல்ல. மலையில் மழைத்தண்ணீர் வடியும் கான் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து இடுப்பில் விழுந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து எழுந்து வந்தபோது இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு பங்களாப் பூந்தோட்டத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். உதிரப் போகும் பூக்களை வெட்டிக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. வாழை நாரை ஊறவைத்துக் கட்டிப் பார்த்தார், அவிழ்ந்தது. மறுபடி கட்டினார். அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

மாலையும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் ஒரு பெரியவர் முன்னால் போய் நிற்பது தோட்டத்தில் இல்லாத வழக்கம். நன்றி சொல்லப் போனாலும் மாலை, குறை சொல்லப் போனாலும் மாலை. கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அந்த வழக்கம் தம்பையாவுக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சலாக வரப்போகிறது என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள், பாக்கியலெட்சுமி. அவளைக் கேட்டு ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. அதை விட்டுவிட்டு, எதிர்மலையில் இருக்கும் மொட்டைமலைத் தோட்டத்துப் பையனுக்குக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், கண்ணுக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும் என்றார். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தில் ஓயா என்ற காட்டாறு ஓடியது. அதன்மேல் கம்பியில் பலகை கோத்த தொங்கு பாலம் ஒன்று இருந்தது. தம்பையா கம்பியைப் பிடித்து, காலை இழுத்து இழுத்துப் போனாலும், மகள் கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு கடைசியில் அடித்த மழையில் அந்தப் பாலம் போயிற்று. இந்தக் கரையில் இரண்டு கல்தூண்களும் அறுந்த கம்பியும் மட்டும் மிஞ்சின. பாக்கியலெட்சுமி அப்போது நிறைமாதம். தைப்பொங்கலுக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஓயாவில் தண்ணீர் குறைந்ததும் பாறைக்குப் பாறை தாவிக் கடந்து வந்த ஓர் இளவட்டம்தான் அவருக்குச் சேதி கொண்டுவந்தான். பிள்ளை சுகம், தாயும் சுகம், மூஞ்சி அப்படியே செத்துப்போன அம்மாவின் மூஞ்சி என்று அக்கா சொல்லச் சொன்னாள் என்றான்.

அந்தக் கடைசிச் சொல்தான் தம்பையாவைப் படுத்தியது. மனைவிக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அவள் முகம் தனக்குள்ளேயே மங்கி வருவதை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். இப்போது அது எதிர்மலையில் ஒரு தொட்டிலில் கிடக்கிறது; போய்ப் பார்க்க வழி இல்லை.

பாறை தாண்ட அவர் கால் ஆகாது. கைக்குழந்தையோடு தாண்ட யாரும் துணியவில்லை. சுற்று வழி என்றால் கீழே தார் ரோட்டுக்கு இறங்கி, ஹாலிஎலைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போய், மொட்டைமலை ஏற வேண்டும். ஒரு விடுமுறை நாளில் தம்பையா கிளம்பிப் பார்த்தார். தேயிலை ஃபாக்டரி வரை இறங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். அந்தப் பக்கமிருந்து பாக்கியலெட்சுமியும் ஒருமுறை பிள்ளையோடு புறப்பட்டாள். வழியில் பஸ் நின்று, மழையில் நனைந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

அதனால் சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பாக்கியலெட்சுமி தன் லயத்து வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் வந்து நிற்பாள். இந்தக் கரையில் தூண்களுக்கு மேலே இருந்த பாறையில் தம்பையா நிற்பார். கூப்பிட்டால் ஓயாவின் இரைச்சலில் கேட்காது. அவள் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவு தூரத்தில் பிள்ளை ஒரு வெள்ளைத் துணி மூட்டைபோலத் தெரியும். முகம் தெரியாது. மஞ்சு இறங்கினால் அதுவும் தெரியாது. ஆனாலும் இருட்டும் வரை நிற்பார்.

பாலத்தைப் பற்றி முதலில் துரையிடம் கேட்டார்கள். அது பொதுப் பாதையில் இருந்த பாலம், கிராம சபையின் பொறுப்பு என்றார் துரை. மொட்டைமலைத் துரையும் அதையே சொன்னாராம். கிராம சபைக்குத் தோட்டத்து ஆட்கள் ஓட்டுப் போட முடியாது. அவர்களுக்கென்று உறுப்பினரும் கிடையாது. பஜார் வட்டாரத்து உறுப்பினர் புஹாரி நானாதான் ஒரே வழி. பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். மாதக் கூட்டத்துக்கு ஆட்களை அழைத்து வாருங்கள், பேச அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார்.

போனார்கள். கொழுந்து லொறியில் தம்பையாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் டேலியாவும் செவ்வந்தியும் வைத்து, இடையிடையே பச்சை இலை கொடுத்து, முழங்கால் வரை தொங்கும் மாலை ஒன்று கட்டியிருந்தார். சபைத் தலைவர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாலையைக் கண்டதும் எழுந்து வந்து கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றினார். தோட்ட மக்களின் அன்பைப் பற்றிச் சிங்களத்தில் நிறையப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். புஹாரி எழுந்து பாலத்தைப் பற்றிச் சொன்னபோது, கவனிக்கிறோம் என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மறு மாதம் கூட்டத்தில் முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். தோட்ட மக்கள் வந்து சபையின் சேவைக்கு நன்றி தெரிவித்துத் தலைவருக்கு மாலை அணிவித்தார்கள் என்று இருந்தது. பாலம் என்ற சொல்லே இல்லை.

புஹாரி விடவில்லை. பாலம் யாருடையது என்று கேள்வியாகவே கேட்டார். இரண்டு தோட்டங்களை இணைப்பதால் அது தோட்டங்களுடையது என்று பதில் வந்தது. தோட்டங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்றார். ஆராய்வோம் என்றார்கள். எழுபதாம் ஆண்டில் இன்னொரு முறை தம்பையா போனார். இன்னொரு மாலை, இன்னொரு கைதட்டல்.

அதற்குள் எதிர்ப் பாறையில் தூக்கிக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது. பாக்கியலெட்சுமியின் முழங்கால் பக்கத்தில் சின்னதாக ஒன்று நின்றது. ஒரு நாள் அது தானாகவே கையை ஆட்டியது. அன்றைக்குத் தம்பையா சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் என்று பார்க்காமல் வாயைத் திறந்தாள்.

“ஒங்க மாலயச் சொமந்து சொமந்து அந்தாளு கழுத்து வளஞ்சதுதான் மிச்சம். பாலம் வந்துச்சா?”

“வெறுங்கையோட எப்பிடிம்மா போயி நிக்கிறது?”

“பேத்தி நடந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் கட்டுங்க. அப்பறம் அவ கல்யாணத்துக்கும் நீங்களே கட்டிக் குடுத்துறலாம், தூக்கித்தான் எறியணும் அந்தக் கரைக்கு.”

புஹாரியும் கடைக்கு வந்த ஆளிடம் அதைத்தான் சொல்லி அனுப்பினார். தம்பையாண்ணன் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். மாலை இல்லாமல் வர வேண்டும். மாலை விழுந்ததும் தலைவர் நன்றி சொல்கிறார், நன்றி சொன்னதும் காரியம் முடிந்துபோகிறது.

தம்பையாவுக்கு அது தாங்க முடியாத யோசனையாக இருந்தது. மாலை இல்லாமல் போனால் மரியாதை கெட்டவன்; மாலையோடு போனால் பேத்தி இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் பூந்தோட்டத்தில் கத்தியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பூவை வெட்டத்தான் செய்தார். அன்று கட்டியதுதான் அவர் கட்டியவற்றில் நல்ல மாலை என்று கருப்பம்மா பிற்பாடு சொல்லுவாள்.

கூட்டத்தில் புஹாரி அவரைக் கண்டதும், அவர் மடியில் இருந்த வாழை இலைப் பொட்டலத்தைக் கண்டதும், தலையில் கைவைத்துக்கொண்டார். முறை வந்தது. தம்பையா எழுந்து, பொட்டலத்தைப் பிரித்து, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். தலைவர் வழக்கம்போல் எழுந்து கழுத்தைக் குனிந்தார்.

மாலை விழவில்லை.

தம்பையா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இதழ்கள் இரண்டு மேசைமேல் உதிர்ந்தன. தலைவர் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். உறுப்பினர்களில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

“மன்னிச்சுக்கணும்ங்க,” என்றார் தம்பையா. “இது பாலத்துக்குக் கட்டுன மால. பாலம் தோட்டத்துதுன்னு இங்க சொல்றீங்க. இங்கத்துதுன்னு தோட்டத்துல சொல்றாங்க. பாலம் யாருதுன்னு சொல்லுங்க, அவுங்க கழுத்துல போட்டுட்டுப் போயிர்றேன்.”

புஹாரி அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தலைவர் மெதுவாக நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று புஹாரி நினைத்தார். அவர் தம்பையாவின் காலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். உங்களுக்கு அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவ்வளவு நாளில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பேத்தி இருக்குங்க. மூஞ்சியப் பாத்ததில்ல.”

தலைவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: பாதை சபையுடையது, ஆகவே பாலமும் சபையுடையதே. அதை அப்படியே எழுதச் சொன்னார். தம்பையா சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாலையோடு ஓர் அடி முன்னே வைத்தபோது, தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“இப்ப வேணாமாம், தம்பையாண்ணே,” என்றார் புஹாரி. “பாலம் கட்டுன பொறகு போடச் சொல்றார்.”

அந்த மாலையைத் தம்பையா திரும்பக் கொண்டுவந்து, கரையில் நின்ற கல்தூணில் போட்டார். அது காய்ந்து, நார் மட்டும் மிஞ்சி, வெகுநாள் அங்கே கிடந்தது.

சபையின் பாலம் என்று எழுதியாகிவிட்டதால், புஹாரி அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும், நம்முடைய பாலம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். யாரும் பாலம் யாருடையது என்று திருப்பிக் கேட்க முடியவில்லை. கம்பி வருவதற்கு ஒரு காலம், பலகை வருவதற்கு ஒரு காலம் என்று நாள் இழுத்தது. தம்பையா நாள்தோறும் பாறையில் நின்றார். எதிரே இருந்த சின்ன உருவம் தாயின் இடுப்புக்கு வளர்ந்தது.

எழுபத்திரண்டில், மழை தொடங்கும் முன் பாலம் முடிந்தது. திறக்கும் நாளில் தலைவர் வந்தார். தம்பையா தூணருகில் வைத்தே அவருக்கு மாலை போட்டார். பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் இறங்கிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. தலைவரும் பேச்சை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

அந்தப் பக்க முனையில் பாக்கியலெட்சுமி பிள்ளையோடு நின்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பிள்ளையைப் பார்த்தார். மனைவியின் நெற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்தப் பார்வை, சேதி பொய்யில்லை. கையை நீட்டினார். பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

“தாத்தாடி. போ, தாத்தாகிட்ட போ.”

பிள்ளை தலையை ஆட்டியது. சேலைக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, ஓயாவுக்கு அப்பால் பார்த்தது. ஒவ்வொரு நாளும் தாய் விரல் நீட்டிக் காட்டிய பாறை அங்கே வெறுமையாக இருந்தது.

“தாத்தாவக் காணோம்,” என்று அழத் தொடங்கியது.

பாக்கியலெட்சுமி என்ன சொல்லியும் கேட்கவில்லை. அதற்குத் தாத்தா என்றால் தூரத்தில் நின்று துண்டு வீசும் ஓர் உருவம். கிட்டே வந்து நிற்கும் இந்த நொண்டிக் கிழவர் வேறு யாரோ. மாமியார் பிள்ளையை அதட்டப் போனாள். தம்பையா வேண்டாம் என்று கைகாட்டினார்.

அவர் வந்த வழியே திரும்பினார். பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கரைக்கு வந்து, கூட்டத்தைத் தாண்டி, கல்தூண்களுக்கு மேலே ஏறினார். ஏன் திரும்பி வருகிறார் என்று கருப்பம்மா கேட்டாள். அவர் பாறையில் வழக்கமான இடத்தில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார்.

எதிர்க்கரையில் அழுகை நின்றது. சின்னக் கை உயர்ந்து ஆடியது. பிறகு பிள்ளை தாயின் சேலையை விட்டது. கம்பியை எட்டிப் பிடித்து, புதுப் பலகையில் ஒரு காலை வைத்தது. தம்பையா துண்டை வீசிக்கொண்டே இருந்தார்.