எரிப்பதற்குப் பட்டு கேட்டு அமாவாசையன்று காஞ்சிபுரம் போனேன்

காஞ்சிபுரத்துக்குச் சாமி பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் புடவை எடுக்கப் போவார்கள். நான் மொபைல் பேட்டரிக்காகப் போனேன். சிரிக்காதீர்கள், விவரமாகவே சொல்கிறேன்.

வேலூரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது, அதிலும் கணக்கு இரண்டாவது தடவையில்தான் தேறியது. பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதுதான். மகள் வாணி சென்னையில் எம்.ஃபில். படித்தாள். அவள் ஆராய்ச்சியும் பேட்டரிதான், ஆனால் தண்ணீர் ஊற்றுகிற ஜாதி இல்லை. மொபைலுக்குள் இருக்கிற லித்தியம் அயான். "நாங்க பேட்டரிக் குடும்பம்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது அவளுக்குத் தெரியாது.

2008 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு போன் வந்தது. பட்டு நூலைக் கரியாக்கி, அந்தக் கரியில் பேட்டரிக்கு மின்முனை செய்வதுதான் அவள் வேலை. சென்னையில் பட்டு என்று சொல்லி வாங்கிய நூலில் நைலான் கலந்திருக்கிறதாம். அவளுடைய பேராசிரியர் தூக்கிப் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்து உலையில் அவள் முறை. விட்டால் அடுத்த முறை வருவதற்குள் ஆய்வேடு கொடுக்கும் நாள் தாண்டிவிடும், ஒரு வருடம் போச்சு. வெள்ளிக்கிழமை முழுக்க அவளால் ஆய்வகத்தை விட்டு நகர முடியாது. சாயம் படாத, பசை போக்கிய, ஜரிகை கலக்காத பட்டு ஒரு கைப்பிடி வேண்டும்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, அமாவாசை வேற. இதைவிட நல்ல நாள் ஏதும்மா? நான் வாங்கிட்டு வரேன்" என்றேன். நல்ல நாள் பார்த்துத்தான் நான் எப்போதும் மாட்டிக்கொள்வேன்.

காலை 7.10க்கு வேலூர் பேருந்து நிலையத்தில் ஏறினேன். எழுபது கிலோமீட்டர், டிக்கெட் 22 ரூபாய். உட்கார முடியவில்லை. வாலாஜா வருவதற்குள் இரண்டு தடவை இடம் மாறினேன். "சார், உங்களுக்கு சீட்டா, வண்டியா, எது புடிக்கலை?" என்று கண்டக்டர் கேட்டார். 9.25க்குக் காஞ்சிபுரம்.

இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டார். "புடவைக்கா சார்? ஃபேக்டரி ரேட்டுல எடுத்துத் தரேன்."

"புடவை வேணாம்பா. நூல் வேணும்."

"நூலைச் சுத்திக்கினா சார் கல்யாணத்துக்குப் போவீங்க?"

அப்படிக் கேட்டுவிட்டு மூன்று புடவைக் கடைக்கு அழைத்துப் போனார். மூன்றிலும் ஃபேன் போட்டு உட்கார வைத்து, கலர் கலராக விரித்துக் காட்டினார்கள். "கலரே இல்லாம இருக்கா?" என்று நான் கேட்டதும் மூன்றிலும் மடித்து வைத்துவிட்டார்கள். ஆட்டோவுக்கு 60 ரூபாய். தறிக்காரர்களிடமே கேட்போம் என்று பிள்ளையார்பாளையத்தில் இறங்கிக்கொண்டேன்.

தெருவில் சத்தமே இல்லை. தறிக்குழியில் ஆள் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு ஆண்கள் வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கேட்டேன்.

"அமாவாசை சார். தறிக்கு லீவு. நாள் பாக்காம வந்துட்டியே?"

நாள் பார்த்துத்தான் வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் இருக்கிற நூலெல்லாம் சாயம் ஏறியதுதான் என்றார். வெள்ளையாக வேண்டுமானால் சாயப்பட்டறைக்குப் போக வேண்டுமாம், ஐயம்பேட்டைப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். ஷேர் ஆட்டோ, எட்டு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். என்னோடு சேர்த்து பதினோரு பேர், இரண்டு கோழி. அதற்குள் வாணி நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். "கிடைச்சாச்சும்மா, கிட்டத்தட்ட" என்று பொய் சொல்லிக்கொண்டே போனேன்.

பட்டறையும் மூடித்தான் இருந்தது. ஆனால் பின்னால் மூங்கிலில் வெள்ளை வெளேரென்று நூல் சிட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு உயிர் வந்தது. பட்டறைக்கார அம்மா பெயர் சரோஜா. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை போக்கிய நூல்தான் என்றார். கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"எரிக்கறதுக்கும்மா."

"இன்னாது?"

"காத்தே படாம மூடி வெச்சு எரிக்கணும். சாயம் ஒரு சொட்டு படாத நூலா இருக்கணும். நாளைக்கு காலைல ஒன்பது மணிக்குள்ள."

"யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைம்மா."

அந்த அம்மா இரண்டடி பின்னால் போய், "முனுசாமி! இங்க வாப்பா!" என்று கத்தினார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பக்கத்துவீட்டு முனுசாமி வந்து, அந்த அம்மா சொன்னதைக் கேட்டு என் பையை உதறி, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் புரிந்தது. பையில் உண்மையிலேயே இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது. பேருந்தில் வாந்தி வராமல் இருக்க மனைவி கொடுத்தது.

"அமாவாசையும் அதுவுமா கன்னி நூலு, எலுமிச்சம்பழம்! எவன் குடும்பத்துக்குய்யா செய்வினை வெக்கறே?"

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எனக்கு அடிக்குப் பயம் பாதி, மணி இரண்டாகிவிட்டதே என்ற கவலை பாதி. மொபைலைப் பிரித்து பேட்டரியை எடுத்துக் காட்டினேன். "இதுக்குள்ள வெக்கறதுக்குத்தாங்க! சார்ஜ் போட்டா லித்தியம்னு ஒண்ணு ஒரு பக்கத்துலேர்ந்து கிளம்பிக் கரிக்குள்ள போய் உக்காரும். பேசப் பேசத் திரும்பி வந்துடும். கரி கட்டியா இருந்தா உள்ள போக நேரமாவுது. கருட சேவைக்கு அத்தனை சனமும் ஒரே வாசல்ல நுழைஞ்சா எப்படி? அதே நூறு சந்து இருந்தா சர்ருனு போயிட்டு வந்துடலாம் இல்ல? பட்டுக் கரியில அந்த மாதிரி சந்து இருக்குதாம், கண்ணுக்கே தெரியாத சந்து."

"பேட்டரிக்குள்ள கருட சேவையா? சாமியையும் இழுக்கறான் பாரு" என்றார் முனுசாமி.

பேட்டரியைத் திரும்பப் போட்டேன். மொபைல் உயிர் வர ஒரு நிமிடம் ஆனது. பத்துப் பேரும் அதையே பார்த்தார்கள். வாணிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உங்க அப்பா சொல்றது நிஜமாம்மா?" என்றார் சரோஜாம்மா.

"அப்பா என்ன சொன்னார் ஆன்ட்டி?" சரோஜாம்மா சொல்லச் சொல்ல, கருட சேவை வரைக்கும் கேட்டுவிட்டு வாணி சிரித்தாள். "பாதி சரி ஆன்ட்டி. சந்து மட்டும் போதாது. லித்தியம் நுழையும்போது கரி உப்பும், வெளிய வரும்போது சுருங்கும். கட்டியா இருந்தா விரிசல் விட்டுடும். ரொம்ப சன்னமா இருந்தா தாங்கும். பட்டு சன்னம்தானே? காத்து இல்லாம சுட்டா சாம்பலாகாதுன்னு நினைக்கறோம். நாளைக்குச் சுட்டாத்தான் தெரியும். இந்த நூல் இல்லைன்னா என் ஒரு வருஷம் போயிடும் ஆன்ட்டி."

சரோஜாம்மா முனுசாமி பக்கம் திரும்பினார். "போன வாரம் நூல்காரன் வந்தப்போ, பட்டா நைலானான்னு நீதானே கொளுத்தி மோந்து பாத்தே? ஒனக்கு இன்னா, பேயா புடிச்சுது? போ, சிக்கு விழுந்த சிட்டம் ஒண்ணு உள்ள கெடக்குது, எடுத்துக்கினு வா."

இருபது கிராம், நாற்பது ரூபாய். எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். "இது ஒங்கிட்ட இருக்க வேணாம். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊரைத் தாண்டிடு. நாளைக்கு இன்னா ஆச்சுன்னு போன் பண்ணணும், ஆமா."

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், 24 ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். நூலை மடியில் வைத்தால் வியர்வை படுமே. 7.40க்கு விடுதி வாசலில் வாணி காத்திருந்தாள். நூலை மோந்து பார்த்தாள். "சோப்பு வாசனை இருக்கு, ராத்திரி திரும்ப அலசணும்" என்று உள்ளே ஓடினாள். சாப்பிட்டாயா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: தறி ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். நிலையத்து வாசல் ஆட்டோவை விட ஷேர் ஆட்டோ மேல். சாயம் போடாத நூலுக்குக் கடைகளில் அலையாமல் நேரே சாயப்பட்டறைக்குப் போங்கள். எதற்கு என்று கேட்டால், பிள்ளைகளிடம் முன்னாலேயே ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். மகள் என்ன படிக்கிறாள் என்பதை நான் முதன்முதலாக முழுசாகக் கேட்டதே அந்தத் தெருவில்தான், பத்துப் பேரோடு சேர்ந்து.

உலை சூடேறி ஆறுவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம். சனிக்கிழமை கடையில் ஒருவருக்கு எட்டு மாத வாரண்டியைப் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு மதியம் வாணி கூப்பிட்டாள். குரலே சொல்லிவிட்டது. ஆறு பேட்டரி செய்யும் அளவுக்குக் கரி வந்திருக்கிறது. ஆய்வேட்டை நாளுக்குள் கொடுத்துவிடலாம். உடனே ஐயம்பேட்டைக்குப் போட்டேன்.

"சாம்பல் ஆவலைம்மா. நூலு நூலாவே இருக்குதாம். முறுக்குகூடக் கலையலையாம். கன்னங்கரேல்னு கறுப்பா வந்திருக்குதாம்."

சரோஜாம்மா மறுபடி கேட்டார். "கறுப்பாவா? அங்க இங்க திட்டு இல்லாம?"

"திட்டே இல்லையாம்மா."

"அடேங்கப்பா. நான் ரெண்டு வாட்டி முக்கினாலும் கறுப்பு ஒழுங்கா ஏறாது. சாயமே இல்லாம ஏத்திட்டாளே உம் பொண்ணு!"