பவுலீனு சுவாமி தலைகொடுத்த மாலை

பவுலீனு சுவாமி உண்மையில் வாழ்ந்தவரா என்பதில் பங்குக் குருவுக்கு ஐயம் உண்டு. வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கடலோரத்தில் மீளக் குடியேறிய ஊராருக்கு அவ்வையம் ஒருபோதும் எழுந்ததில்லை. அவர் வெட்டுண்டதைப் பெருநாள்தோறும் தங்கள் கண்ணாலேயே கண்டவர்கள் அவர்கள்.

கிறிஸ்தவ வேதத்தைத் தடைசெய்த ஓர் அரசனின் நாட்டுக்குள் சுவாமி மீன்கூடையைத் தோளில் காவும் கூலியாளாக வேடமிட்டுப் புகுந்தார்; மறைவில் ஞானஸ்நானம் கொடுத்தார்; பிடிபட்டார். சிலுவையை மிதித்தால் கடற்கரை முழுவதையும் தருவதாக அரசன் சொன்னான். சுவாமி மறுத்துத் தலைகொடுத்தார். பெருநாளில் ஊரார் ஆடும் கூத்தில் அந்தத் தலை மீன்பிடிகாரன் லோறன்சினுடையது. வெட்டும் வாளோ அவன் மனைவி அன்ரோனெற்றின் தமையன் வஸ்தியானுடையது.

யுத்தம் ஓய்ந்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபின் ஆடப்போகும் முதற் கூத்து இது. ஆனால் வஸ்தியான் முந்தித் திரும்பியவன். தகப்பன் காலந்தொட்டு லோறன்சின் குடும்பம் கரைவலை இழுத்துவந்த கரைத்துண்டில் அவன் தன் வலையை வளைத்துவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பெருநாள் முடிந்தபின் கோயிற்சபை வழக்கை விசாரிப்பதாக இருந்தது.

இடையில் நின்றது கூத்தின் விதி. வெட்டுமுன் கொலையாளி முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்பான். சுவாமி மன்னிப்பைப் பாடி, அவனைத் தம் கையால் தூக்கிவிடவேண்டும். பாடி முடிந்தால், ஆடுகிற இருவருக்கும் இடையே எந்த வழக்கு இருந்தாலும் அது அத்துடன் செத்தது. பிறகு அதை வாயில் எடுப்பவன் பெருநாளைக் கெடுத்தவன்.

“வேற ஆரும் சுவாமியா ஆடட்டுமேன்,” என்றாள் அன்ரோனெற்.

“ஆருக்குப் பாட்டு முழுக்கத் தெரியும்?”

“அப்ப அண்ணனை மன்னிக்கப் போறியளோ?”

“அந்த வரி மட்டும் மறந்துபோனா?”

“சோறு தின்னேக்கயும் முணுமுணுக்கிற வரி. மறந்துபோச்செண்டால் சட்டிக்குள்ள கிடக்கிற மீனும் நம்பாது.”

விடியும்வரை ஆடவேண்டிய கூத்தைப் பொழுது சாயுமுன் முடிக்கும்படி படைமுகாம் அனுமதி கொடுத்திருந்தது. அது முடிகிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார். லோறன்ஸ் கடற்கரை முழுவதையும் குரல் நடுங்காமல் மறுத்தான். வஸ்தியான் வாளோடு முழந்தாளிட்டான்.

“ஏவலுக் காளானேன் ஏழையேன் – என்றன்
பாவம் பொறுத்தருள்வீர் ஐயரே!”

லோறன்ஸ் வாய் திறக்கவில்லை. மத்தளம் ஒரு சுற்றுப் போய்வந்தது. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வரியை எடுத்துக்கொடுத்தார். மத்தளம் மறுபடியும் போய்வந்தது.

“மச்சான்,” என்று வஸ்தியான் தலை நிமிராமல் முணுமுணுத்தான். “முழங்காலுக்குள்ள சண்டையில பட்ட செல் துண்டு கிடக்கு. கெதியா மன்னி.”

“கரையை விடு.”

“என்ர பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?”

“என்ர பிள்ளையள் தின்னுறதை.”

அதிகாரி மேற்கே பார்த்தார். சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. சுவாமி உயிரோடு வீடு திரும்பிய பெருநாள் அவ்வூரில் கிடையாது.

அரசன் நீட்டிய முழுக்கரையையும் சற்றுமுன்தான் வேண்டாம் என்று பாடிய வாய், இப்போது அதில் ஒரு துண்டுக்காக மூடிக்கிடந்தது. அது லோறன்சுக்கே அழகாகப் படவில்லை. வஸ்தியானின் கால் நடுங்கியது. அது நடிப்பன்று, அவனுக்கு அவ்வளவு நடிப்பு வராது.

“வெட்டுங் கரத்தை வெறுத்திலேன் – உன்னை
விட்டேன் பிழையெலாம், எழுந்துநில்!”

பாடி, கைகொடுத்துத் தூக்கிவிட்டு, லோறன்ஸ் கழுத்தைக் குனிந்தான். வாள் விழுந்தது. அன்ரோனெற் முந்திய ஆண்டுகளைவிடக் கூடுதலாக அழுதாள்.

மறுநாட் காலை லோறன்ஸ் கரைக்குப் போய், கூலிக்கு வலை இழுப்போர் வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தான். வஸ்தியான் அவனை ஏறஇறங்கப் பார்த்தான்.

“தலை போனவன் இவ்வளவு கெதியா வேலைக்கு வந்ததை நான் காணேல்லை.”

“மூண்டாம் நாள்வரைக்கும் படுத்திருக்க நான் ஆண்டவரில்லை. இழு.”

இழுத்தார்கள். வலையின் மடி நிறையச் சூடை மீன் வந்தது. கூலிப்பங்கு கொடுத்தபின், வலைக்காரனுக்குரிய குவியலை வஸ்தியான் காலால் இரண்டாக வகுத்து, ஒன்றை லோறன்சின் பக்கம் தள்ளினான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது விதிக்கு விரோதம்.