‘அக்கா’ என்று அழுத குரல்

மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைக்கூடம். அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு நரைகூட இல்லை. இப்போது பாதித் தலை வெள்ளை. மாடியில் இருக்கும் நர்சுகள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘சலவையக்கா’. இஸ்திரி உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள். மறுமுனையைப் பிடிப்பவள் அவளுடைய தோழி. கூடத்தில் அந்தத் தோழிக்கு வைத்த பெயர் ரேடியோ. அவள் வாய் மூடினால் கரண்ட் போய்விட்டதா என்று கேட்பார்கள்.

சலவையக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு உடுத்திய துணியோடு வெளியேறியவன், அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பி வரவில்லை. சொந்தபந்தம் எல்லாம் அவனைத் தலைமுழுகிவிட்டது. இவளுக்கு மனசு கேட்கவில்லை. மகளை உட்காரவைத்து அவன் படத்தை ஃபேஸ்புக்கில் போடச் சொன்னாள். எங்கள் சுண்டு, இடது புருவத்தில் தழும்பு, சின்ன வயதில் அக்கா கையால்தான் சாப்பிடுவான் என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கீழே தன் கைபேசி எண்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அழைப்பு வந்தது.

“அக்கா... நான் சுண்டுக்கா...”

அதற்கு மேல் அழுகைதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வேறொரு ஆள் பேசினான். “ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேம்மா. லாரி இடிச்சிருக்கு. பணம் கட்டினாத்தான் ஆபரேஷன்.”

“இதோ கிளம்பி வர்றேன்!”

“நீங்க வர்றதுக்குள்ள உயிர் இருக்காது. யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா மறுபடி ஓடிப்போயிடுவேன்னு அழறாரு.”

வாழ்நாளில் பாதியை மருத்துவமனையில் கழித்தவள் அவள். எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்க அப்போது தோன்றவே இல்லை. காதில் அந்த ‘அக்கா’ ஒன்றுதான் ஒலித்துக்கொண்டிருந்தது. கணவனிடம் மூச்சு விடாமல் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தை அனுப்பினாள்.

மறுநாள் வேலை நடுவே அந்த ஆள் மறுபடி கூப்பிட்டான். ரத்தம் ஏற்ற வேண்டுமாம், இன்னும் அனுப்ப வேண்டுமாம். பேசிவிட்டு வந்து விரிப்பைப் பிடித்தாள். முனை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“என்னடி ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு,” என்றாள் ரேடியோ.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரேடியோ உருளையை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: “அவன் சொன்னதுல, நீ ஊருக்கே எழுதிப் போடாத சங்கதி ஒண்ணாவது இருக்கா?”

யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. போனை எடுத்தாள்.

அவளே திருப்பி அழைத்தாள். “தம்பிகிட்ட குடுங்க. சுண்டு, அப்பாவோட எதுக்குடா சண்டை போட்டுட்டுப் போனே?”

அழுகைதான் கூடியது. அந்த ஆள் பிடுங்கிக்கொண்டு கத்தினான்: “சாகக் கிடக்கிறவன்கிட்ட விசாரணையா? நீயெல்லாம் ஒரு அக்காவா?”

நெஞ்சில் கத்தி இறங்கியது போலிருந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. சண்டை மூண்டதே இவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் அற்பக் காரணத்துக்காக; உண்மையான சுண்டுவாக இருந்தால் எந்த வலியிலும் அந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பான். “அக்காவா இருக்கறதாலதான் கேக்கறேன். பதில் சொல்லு,” என்றாள். இணைப்பு அறுந்தது.

அன்று அவள் அழுதது சங்கிலிக்காக அல்ல. தம்பியை இரண்டாம் முறை தொலைத்ததற்காக. முகத்தைக் கழுவிக்கொண்டு கணவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவரோ, “ஸ்டேஷனுக்கு வா, நானும் வர்றேன்,” என்று மட்டும் சொன்னார்.

காவல் நிலையத்தில் இருந்தவர், “போனது போனதுதாம்மா. ஆசைப்பட்டு ஏமாந்துட்டீங்க,” என்றார்.

“ஆசையில்ல சார், பாசம். அதையும் புகார்ல எழுதிக்கோங்க,” என்றாள். எழுதி வாங்கிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள். பணம் திரும்ப வரவில்லை.

“அந்தப் படத்தை எடுத்துடும்மா,” என்று மகள் கெஞ்சினாள்.

“எடுத்துட்டா அவன் எதைப் பார்த்து வருவான்?”

படம் அப்படியே இருந்தது. செல்லப் பெயர், தழும்பு, சாப்பாட்டுக் கதை எல்லாம் போயின. தம்பி வீட்டை விட்டுப் போன காரணத்தை அவள் யாரிடமும் சொல்வதில்லை, ரேடியோவிடம்கூட. சொன்னால் ஒலிபரப்பாகிவிடும்! வீட்டிலும் ஒரு வழக்கம் வந்தது: யார் அழுதுகொண்டு கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. “சொல்லாதே” என்று எவன் சொன்னாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

அதோடு அவள் நிற்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் மற்ற குடும்பங்களின் பதிவுகளை மகள் தேடித் தர, ஓய்வு நாட்களில் ஒவ்வொருவராக அழைத்துத் தனக்கு நடந்ததைச் சொல்லி எச்சரித்தாள். சிலர் அவளையே மோசடிக்காரி என்று நினைத்துத் திட்டினார்கள். “நல்லது, இப்படித்தான் உஷாரா இருக்கணும்,” என்று சொல்லி அடுத்த எண்ணைப் போட்டாள்.

மகளைத் தேடும் ஒரு தையல்காரர் சில வாரங்கள் கழித்து அவளைக் கூப்பிட்டார். “அம்மா, நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தி ‘அப்பா’ன்னு அழுதா. வெளியில யாருக்கும் தெரியாத ஒண்ணைக் கேட்டேன். போனை வெச்சுட்டா.” என்றவர் தொடர்ந்தார்: “ஆனா அந்த ஒரு நிமிஷம் நிஜம்னே நம்பிட்டேன்மா.”

“தெரியும்ணா,” என்றாள் அவள். “நம்புங்க, தேடுங்க. ஆனா கேட்டுட்டு நம்புங்க.”

இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் மகளைப் பற்றியும் இவள் தம்பியைப் பற்றியும்.