மாத்திரைக் கட்டத்தில் எழுதிய ‘ஆம்’

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. மூளையைப் பற்றியும் வைத்தியத்தைப் பற்றியும் டாக்டர்கள் எழுதட்டும். நான் என் தங்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதுகூட இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்து இருபது வருஷம் இருக்கும். பாளையங்கோட்டைத் தெருவில் மோட்டார் வண்டி போனால் பார்க்க ஜனங்கள் ஓடிய காலம். எங்கள் ஊர் அங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரம், தாமிரபரணிக் கரையில். நான் இருபத்தாறு வயதில் தாலியறுத்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத் தங்கையும் வந்தாள். அவளை அவள் மாமியார் வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

அடுக்களைச் சுவரோடு பேசினாள். சுவர் ஏதோ சொல்கிறது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். குளிக்க மாட்டாள். தலையைத் தொட விடமாட்டாள். நாங்கள் பேசினால் எங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் போலப் பார்ப்பாள். கோயில், தர்கா, மந்திரிக்கிறவர் என்று அம்மா எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். கடைசியில்தான் அப்பா பாளையங்கோட்டை டிஸ்பென்சரியிலிருந்து டாக்டரம்மாளை அழைத்துவந்தார்.

அவர்கள் வெள்ளைக்காரி. தமிழை முன்ஷி வைத்துப் படித்தவர்கள். அதனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார்கள்.

“இவளுக்குப் பேய் இல்லை. இவள் உடலுக்குள் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகி மூளைக்குப் போகிறது என்று எண்ணுகிறேன். எண்ணுகிறேன், அறியேன்” என்றார்கள்.

“அறியாம எதுக்கு வண்டி கெட்டிக்கிட்டு வந்திருக்காவ?” என்று அம்மா என் காதுக்குள் சொன்னாள்.

அந்த நோய்க்கு ஒரு லத்தீன் பெயரும் சொன்னார்கள். இளவயதிலேயே புத்தி கெட்டுப்போவது என்று அர்த்தமாம். ஐரோப்பாவில் பெரிய டாக்டர்கள் இதைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்களாம். ஒருவர் இரத்தத்தைப் பார்க்கிறாராம், ஒருவர் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்க்கிறாராம். சுரப்பிகளில்தான் கோளாறு என்று சிலர் நினைக்கிறார்களாம். அதற்கு ஒரு மாத்திரை வந்திருக்கிறது, இரண்டு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். தங்கையின் விரலில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மூத்திரத்தையும் ஒரு சீசாவில் கேட்டார்கள். அதைக் கொடுக்க அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. யார் கையில் கிடைத்து என்ன செய்வினை செய்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

“இரண்டு மாதத்தில் குணம் தெரியாவிட்டால் சென்னைக்குக் கடிதம் எழுதுவேன். அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு என்று பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது” என்று அப்பாவிடம் சொன்னார்கள்.

அப்பா தலையை ஆட்டினார். டாக்டரம்மாள் போன பிறகு, “அங்கன போன புள்ள எதுவும் திரும்பி வந்ததா நான் கேள்விப்பட்டதில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார். அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்தது அந்தக் கடிதம்தான்.

எனக்கு எழுதத் தெரியும் என்பதால் டாக்டரம்மாள் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அவர்களே கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தார்கள். எழுந்த நேரம், குளித்தாளா, என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், மாத்திரை கொடுத்தாயிற்றா. தினமும் விடியும்போது ஆற்றில் குளிப்பாட்ட வேண்டும். மூன்று வேளை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கிக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாரம் ஒரு நாள் வந்து பார்ப்பார்கள்.

மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தவர் கம்பவுண்டர். சாத்தான்குளத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், கலகலப்பாகப் பேசுகிறவர். இது எதில் செய்தது என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

“ஆட்டுக் கழுத்துக்குள்ள ஒரு சதைத் துண்டு இருக்குல்லா தாயி, அதைக் காய வச்சி இடிச்சது. எங்க ஊர்ல கொழம்புல கெடக்கிற சாமான், சீமைக்குப் போயி மாத்திரையா திரும்பி வருது” என்று சிரித்தார்.

நாங்கள் சைவப் பிள்ளைமார். அதிலும் என் தங்கை புத்தி நன்றாக இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் மீன் சாப்பிடும் பிள்ளை தொட்ட தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடமாட்டாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவளுக்குக் குணமாகி, ஒருநாள் எனக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னால் டாக்டரம்மாளை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். டாக்டரம்மாளிடம் வேண்டாம் என்று சொன்னால் சென்னைக்குக் கடிதம் போய்விடும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மாத்திரையைக் கொல்லையில் வாழை மூட்டில் புதைத்தேன். பாலை மட்டும் கொடுத்தேன். நோட்டில் ‘ஆம்’ என்று எழுதினேன். ஒரு நாளுக்கு மூன்று ஆம்.

ஐந்து வாரம் அப்படியே போயிற்று. ஆறாவது வாரம் ஒரு காலையில் ஆற்றிலிருந்து வந்து ஈரத்தலையோடு தங்கை என் முன்னால் உட்கார்ந்தாள்.

“அக்கா, தலை பின்னி விடுதியா?”

சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்கு எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அதன்பின் தானாகக் குளித்தாள், இலை முன்னால் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டாள், அப்பாவிடம் மண்டியில் என்ன விலை என்று கேட்டாள். சுவரோடு பேசுவதை நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் வந்த டாக்டரம்மாள் நோட்டைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். “இந்த மாத்திரை வேலை செய்கிறது. சென்னைக்கு இதைத்தான் எழுதப் போகிறேன், உங்கள் மகளை அனுப்புவதைப் பற்றி அல்ல” என்றார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு போகிற போக்கில், டிஸ்பென்சரியில் இதே நோயோடு இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்கு இருதயம் வேகமாக அடிப்பதால் இந்த மாத்திரையைக் கொடுக்கப் பயந்தேன், இனி அடுத்த வாரம் துணிந்து கொடுக்கலாம் என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். சொன்னால் தங்கையை அனுப்பச் சென்னைக்குக் கடிதம். சொல்லாவிட்டால் யாரோ ஒரு பெண்ணுக்கு என் எழுத்தை நம்பி மருந்து. நேரில் சொல்ல வாய் வராது என்பது எனக்கே தெரியும். அடுத்த வாரம் அவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதுதான் நோட்டை எடுத்து, அன்றைய மாத்திரைக் கட்டத்தில், ‘இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. ஆட்டுச் சதை என்று தெரிந்ததால் கொடுக்கவில்லை. பொய்யாக எழுதினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அப்போது ஒன்றை மறந்துவிட்டேன். டாக்டரம்மாளுக்குக் கையெழுத்துத் தமிழை வாய்விட்டுத்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உரக்க, எல்லாவற்றையும் வாசித்தார்கள். கூடத்தில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள்.

“ஆட்டுச் சதையா? எங்க வீட்டுக்குள்ளயா?” என்று அம்மா எழுந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, பொய்யா எழுதுனே? அத்தனை நாளும் அந்தம்மாகிட்ட பொய்யா எழுதுனே?” எதற்காக என்னைத் திட்டுகிறாள், கொடுக்காததற்கா பொய் சொன்னதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். “செஞ்சது நல்லதுதான்” என்று உடனே சொன்னாள், “பாவி மட்ட” என்றும் சொன்னாள்.

டாக்டரம்மாள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அந்தப் பெண்ணுக்கு இன்று மாலை ஆரம்பிப்பதாக இருந்தேன்” என்று மெதுவாகச் சொன்னார்கள். பிறகு பென்சிலை எடுத்தார்கள். “அப்படியானால் இவள் எதனால் நன்றானாள்? நீ என்ன கொடுத்தாய்?”

“பால்” என்றேன்.

“எவ்வளவு?”

“மூணு வேளையும் ஒரு டம்ளர்.”

எழுதிக்கொண்டார்கள். ஆற்றுக் குளியலை எழுதினார்கள். “நான் திருச்செந்தூருக்கு நேந்திருக்கேன், அதையும் எழுதச் சொல்லு” என்றாள் அம்மா. அதையும் எழுதினார்கள். மாமியார் வீட்டைவிட்டு வந்ததே மருந்தோ என்னவோ என்று அப்பா முணுமுணுத்தார். அதை மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார்கள்.

தங்கை கூடத்து மூலையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

“எனக்கு நல்லாயிட்டுன்னு யாரு சொன்னா?” என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

“சுவர் இப்பமும் பேசுது. நான் பதில் சொல்லுததில்ல, அவ்வளவுதான். பதில் சொன்னா நீங்க எல்லாரும் அழுதிய.” சொல்லிவிட்டு மொச்சைத் தோலை ஒதுக்கினாள்.

டாக்டரம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். “எப்பொழுதிலிருந்து பதில் சொல்வதில்லை?” என்று கேட்டார்கள். தங்கை யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலை என்றாள். பாலினாலா, குளியலினாலா, நேர்த்திக்கடனாலா, எங்கள் அழுகையினாலா என்று எனக்கும் தெரியவில்லை. மாத்திரையைக் கொடுத்திருந்தால் சுவரும் வாயை மூடியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

அப்பா வண்டிவரை கூடவே போய், “அப்போ மெட்ராஸுக்கு…” என்று இழுத்தார்.

“இன்று எதையும் சொல்ல மாட்டேன். நான் யோசிக்க வேண்டும்” என்றார்கள் டாக்டரம்மாள்.

மறுநாள், முறை இல்லாத நாளாக இருந்தும், டாக்டரம்மாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். தங்கை குளித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடிதத்தைப் பற்றி அன்றும் பேச்சு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.