முசாங் கிங்கும் என் மூக்கும்

முசாங் கிங் வகை டுரியான் பழத்தின் அடிப்பக்கத்தில் நட்சத்திரம் போல ஐந்து கோடுகள் இருக்கும். வாங்குவதற்கு முன் பழத்தைத் தலைகீழாகப் பிடித்து அதைத் தேடுவது என் வழக்கம். மலேசியாவில் பிறந்து, படிக்க லண்டனுக்கு வந்து, சம்பள வேலையில் ஒட்டிக்கொண்ட எனக்கு வருடம் ஒரு டுரியான் என்ற பழக்கம் மட்டும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு முள்நாறி என்று தமிழ்ப் பெயரும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரியான என் மனைவிக்கு அந்தப் பெயரில் முள் அனாவசியம்.

கல்யாணமான முதல் வருடமே சட்டம் போட்டுவிட்டாள். பழம் வீட்டுக்குள் வரக்கூடாது. பின்தோட்டத்து ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முடிந்ததும் பழ ஓட்டின் குழியில் தண்ணீர் ஊற்றி அதில்தான் கை கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் வாடையை எடுத்துவிடும் என்பது எங்கள் ஊர் வைத்தியம், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இருபது வருடம் ஒழுங்காக நடந்துகொண்டேன்.

போன ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரசமும் சோப்புத் தண்ணீரும் எனக்கு ஒன்றாயின. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி டாக்டர், ஸ்கேன் என்று என்னை இழுத்துக்கொண்டு அலைவாள். எனக்குப் பயமும் இருந்தது. முசாங் கிங் வரட்டும், அதற்கும் அசையாத மூக்கு என்றால் போனது போனதுதான் என்று நாள் பார்த்துக் காத்திருந்தேன்.

ஜூலையில் மனோர் பார்க் தமிழ்க் கடைக்குப் பழம் வந்தது. உறைய வைத்து விமானத்தில் வந்த பழம்.

"அசல் சாமான் அண்ணை. மற்ற ஆக்களுக்கு நான் காட்டவே இல்லை" என்றார் கடைக்காரர். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார்.

சனிக்கிழமை மனைவி ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தாள். மழை பெய்தது. ஷெட் ஒழுகும். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, பழம் இளகியதும் கத்தியால் பிளந்தேன். மஞ்சள் கிழங்கின் நிறத்தில் சுளை. முகத்தை அருகில் கொண்டுபோய் மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. வாயில் போட்டேன். இனிப்பு இருந்தது, பின்னால் ஒரு சிறு கசப்பு, வெண்ணெய் மாதிரி வழுக்கல். அவ்வளவுதான். விருந்தாளி வீட்டுக்கு வந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

அப்போது கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. நட்சத்திரம் என்னவோ இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்து வாசம் செத்த பழத்தை என் தலையில் கட்டியிருக்கலாம். ஏமாந்துபோனேன் என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கடைக்காரரை மனதாரத் திட்டிக்கொண்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு வாசல் கதவு திறந்தது.

"என்னப்பா இது? கேற்றடியிலயே நாறுது. யன்னலையெண்டாலும் திறந்துவிட ஏலாதோ?"

பழம் அசல்தான். போயிருந்தது மூக்கு.

மழை ஜாக்கெட்டின் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, திட்டு பாதியில் நின்றது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன். "ஜனவரியில இருந்து."

"ஆறு மாசமா எனக்குச் சொல்லேல்லை" என்றாள். கோபம்தான், ஆனால் சத்தமில்லை.

பிறகு முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருடமாகக் கிட்டவே வராத பழத்தின் மேல் குனிந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். முகம் கோணிப்போனது.

"வெங்காயம்" என்றாள். "அழுகின வெங்காயம்." இன்னொரு முறை குனிந்தாள். "அதுக்குப் பின்னால, சீனி போட்டுக் காய்ச்சின பால்."

"வெங்காயம் இல்ல. நல்லா மோந்து பாரு."

"மூக்கு என்னட்டைத்தானே கிடக்கு. நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கோ."

அடுத்த சுளையை எடுத்தேன்.