ஃபிக்ரெத் கடைந்த எடைக்கல்

ஃபிக்ரெத்துக்குத் தொழில் பல்செட் செய்வது. துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரத்துப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பற்கள் செய்து கொடுப்பார். உயிர் மட்டும் வேறிடத்தில் இருந்தது. வீட்டுக்குக் கீழே, நிலக்கரி கொட்டிவைக்கும் அறையை ஒழித்துச் சின்ன லேத் ஒன்றை நிறுத்தியிருந்தார். மாலையில் வீடு திரும்பியதும் கோட்டைக் கழற்றாமலே அங்கே இறங்கிவிடுவார். அவருடைய மனைவி முஸெய்யென் மேலிருந்து காலால் தரையைத் தட்டினால், சாப்பாடு தயார் என்று அர்த்தம்.

எங்கள் சுடும் சங்கத்தில் கடையில் வாங்கியபடியே இருந்த காற்றுப் பிஸ்டல் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றிலும் ஃபிக்ரெத்தின் கை பட்டிருந்தது. குறிமுள், விசைத் தகடு, சமநிலைக்காகக் குழலில் மாட்டும் சிறு எடைகள் என்று ஏதாவது ஒன்றைக் கடைந்து மாற்றியிருப்பார். பிடி செய்வதற்குப் பல் அச்சு எடுக்கும் இளஞ்சிவப்புப் பசையை மரத்துண்டில் அப்பி, இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பசை காயும்வரை அசையக் கூடாது. பிறகு அந்தப் பள்ளங்களைப் பார்த்து அக்ரூட் மரத்தில் பிடி செதுக்குவார். அதைப் பிடித்தால் நம் கையை நாமே குலுக்குவது போலிருக்கும்.

"என்னண்ணே, துப்பாக்கிக்கும் பல்லு கட்டுறீங்களா?" என்பார் சங்கச் செயலாளர் ஹுல்கி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஆமா. கட்டி முடிச்சதும் மொதல்ல உன்னத்தான் கடிக்கும்."

ஆனால் ஃபிக்ரெத்தின் பெயர் நின்றது விசையில்தான். போட்டி விதி எளிமையானது. பிஸ்டலின் குழல் மேலே பார்க்க, விசையில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை விடுபடாமல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தகுதி போயிற்று. சுடுகிறவர்களுக்கோ விசை எவ்வளவு இலகுவோ அவ்வளவு நல்லது. ஆகவே அரைக்கிலோவைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு மூச்சுக் காற்றைக்கூடத் தாங்கக் கூடாது. அந்த எல்லைக்கோட்டில் விசையை நிறுத்த ஃபிக்ரெத்தால் முடியும். இதற்காகவே பித்தளையில் ஓர் அரைக்கிலோ எடைக்கல்லைக் கடைந்து, கடைத்தெரு நகைக்கடைத் தராசில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். இம்மி பிசகவில்லை. நகைக்கடைக்காரர் எழுந்து கைகொடுத்தாராம்.

அந்தக் கல்லை அவர் அப்படியே விட்டிருக்கலாம். உலோகத்தை வெறுமனே விட அவருக்கு மனம் வராது. மொட்டையாக இருக்கிறது என்று பட்டது. மறுபடி லேத்தில் ஏற்றி, விளிம்புகளை மழித்து, இடுப்பில் மூன்று வளையங்கள் வெட்டி, தலையில் ஒரு துலிப் பூவைச் செதுக்கினார். கண்ணாடிபோல் மெருகேற்றிச் சங்கத்துக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம். மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்.

வில்தான் என்ற பெண்தான் எங்கள் சங்கத்தின் நம்பிக்கை. பிஸ்கட் ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வெண்ணெய் வாசத்தோடு வந்து நின்று சுடுவாள். அவள் பிஸ்டலின் விசையையும் ஃபிக்ரெத் அந்தக் கல்லை வைத்துத்தான் நிறுத்தியிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி அங்காராவில் நடந்தது. போட்டிக்கு முன்பு நடுவர் மேசையில் வைத்திருக்கும் எடையில் விசையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவள் எழுந்தாள். ஃபிக்ரெத் சிரித்தார்.

"என் கல்ல விடவா அவங்க கல்லு? உக்காரு, கண்ணு. கையச் சூடா வச்சுக்க."

அவள் உட்கார்ந்துகொண்டாள். பிறகு போய், என்றைக்கும் சுடாத மாதிரி சுட்டாள். முதலிடம். ஹுல்கி தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். போட்டி முடிந்ததும் சீட்டுப் போட்டுச் சிலரின் பிஸ்டலைப் பரிசோதிப்பார்கள்; சீட்டில் அவள் எண் விழுந்தது. நடுவர் எடையை மாட்டித் தூக்கினார்; விசை விடுபட்டது. டிக். மறுபடி தூக்கினார். டிக். மூன்றாவது தடவை அவர் வில்தானின் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்.

திரும்பி வந்த பேருந்தில் ஹுல்கியால் பொறுக்க முடியவில்லை. "இலேசாக்க ட்ரிகர் திருகாணியத் திருகியிருக்கா. ஆசை யார விட்டுது?" என்று வண்டிக்கே கேட்கும்படி சொன்னார். எல்லோரும் ஃபிக்ரெத்தைப் பார்த்தார்கள்.

"நான் குடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

அதை அவர் நம்பித்தான் சொன்னார். முன் இருக்கையில் வில்தானின் நெற்றி ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் படிந்த பனி உருகி வழிந்தது.

மறுநாள் நகைக்கடைக்கு அவர் போனதே தன் கல்லின் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். தராசில் வைத்தார். நகைக்கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே, கல்லு எளச்சுப் போச்சே! நோன்பு கீன்பு இருந்துச்சா?"

ஆறு கிராம் குறைந்திருந்தது. வளையங்களும் மழித்த விளிம்புகளும் துலிப் பூவும். ஃபிக்ரெத் கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து கீழறை ஊமையாகிவிட்டது. "லேத்துக்கு ஒடம்பு சரியில்லயா, இல்ல ஒங்களுக்கா?" என்று முஸெய்யென் கேட்டால், கோட்டை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பிவிடுவார். வழக்கமாக ரொட்டி வாங்கும் கடை வில்தான் வீட்டுத் தெருவில் இருந்தது. ஆற்றைச் சுற்றிப் போய் வேறு கடையில் வாங்கினார். கல் பையிலேயே கிடந்தது. கோட்டின் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்; காரணம் தெரியவில்லை.

பிறகு ஒருநாள், குளிருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அன்று சங்கத்துக்கு வந்திருந்த எல்லோருடைய பிஸ்டலையும் வாங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கொடுத்தபோது துடைத்துப் பளபளவென்று இருந்தன. விசைதான் கொஞ்சம் கனத்திருந்தது.

"என்னண்ணே, ட்ரிகர் எங்க மாமியார் மாதிரி ஆயிடுச்சு? என்ன கெஞ்சினாலும் நகர மாட்டேங்குது," என்றார் ஹுல்கி.

"குளிரு. எண்ணெய் எறுகியிருக்கும்."

ஃபிக்ரெத் பதிலுக்கு ஒரு கேலி சொல்லாதது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் வில்தான் வந்தாள். அணிப் பலகையிலிருந்து அவள் பெயரை ஹுல்கி ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். சங்கத்துச் சாவியைத் தேநீர் மேசைமேல் வைத்தாள். கூடவே தன் கைக்கென்று செதுக்கிய பிடியையும் கழற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அது விரல்கள் மடங்கிய வெற்றுக் கை மாதிரி கிடந்தது. "ஒரு டீ குடிச்சிட்டுப் போ," என்றார் ஹுல்கி, கண்ணைப் பார்க்காமல்.

அவள் குடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒன்னோடத ஒரு தடவ குடேன். கை கேக்குது." குண்டில்லாத என் பிஸ்டலை வாங்கி, கையை நீட்டி, விசையை இழுத்தாள். நின்றாள். மறுபடி இழுத்தாள்.

"இது கனமா இருக்கே?"

"அண்ணன்தான் எண்ணெய் மாத்திக் குடுத்தாரு," என்றேன்.

"எல்லாருக்குமே அப்படித்தான் இருக்கு. என்னோடதும்..." என்று தொடங்கிய ஹுல்கி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வில்தான் பிஸ்டலைக் கீழே வைத்து, மூலையில் உட்கார்ந்திருந்த ஃபிக்ரெத்தைப் பார்த்தாள். "எண்ணெய் இல்லதானே அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

ஃபிக்ரெத் எழுந்து பைக்குள் கைவிட்டார். கல் துணியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. எடுத்து மேசைமேல் வைத்தபோது, அவ்வளவு பேர் நடுவிலும் அது அழகாகத்தான் மின்னியது.

"இதுல ஆறு கிராம் கொறயுது. வளையம் வெட்டினேன். மொட்டயா இருந்துச்சேன்னு..." ஹுல்கியின் பக்கம் திரும்பினார். "திருகாணிய அவ தொடல, ஹுல்கி. அவ தொடவே இல்ல."

"எப்பத் தெரியும்?" என்றாள் வில்தான்.

"அங்காராவுலேருந்து வந்த மறுநாளு."

"மறுநாளேவா?" அவள் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். "எல்லாரோடதயும் வாங்கிச் சரி பண்ணீங்க. என்னோடத மட்டும் ஏண்ணே கேக்கல?"

ஃபிக்ரெத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேக்கணும்னா ஒம்மூஞ்சியப் பாக்கணுமே," என்றார்.

ஹுல்கி எழுந்து போய்ப் பலகையில் அவள் பெயரைத் திரும்பவும் மாட்டினார். பேருந்தில் தான் கத்தியது அப்போது அவர் காதிலும் ஒலித்திருக்கும்.

வில்தான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இங்க சொன்னது போதாதுண்ணே. அங்க, நடுவர் முன்னாலயும் சொல்லணும்."

மாகாணப் போட்டிக்கு அதே நடுவர் எங்கள் ஊருக்கு வந்தார். பரிசோதனை மேசைமுன் வரிசை நின்றது. ஃபிக்ரெத் கையில் துப்பாக்கி இல்லாமல் அந்த வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். கல், வளையம், துலிப் பூ, வில்தானை உட்காரச் சொன்னது, பேருந்தில் சொன்னது, எல்லாவற்றையும். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். காது சிவக்க, மீதி இருந்ததையும் சொல்லி முடித்தார்.

"முடிவு மாறாதுங்க," என்றார் நடுவர். "துப்பாக்கிக்குச் சுடுறவங்கதான் பொறுப்பு."

"முடிவுக்காக வரல."

அவருக்குப் பின்னால் நின்ற வில்தான் முன்னால் வந்து, விசையில் எடையைத் தானே மாட்டித் தூக்கினாள். திருகாணியை இந்தத் தடவை அவளேதான் திருகியிருந்தாள். விசை தாங்கியது. பிடி மட்டும் அவர் செதுக்கியதுதான். அவள் கைக்கு வேறொன்று பொருந்தவில்லை. ஃபிக்ரெத்துடன் அன்று அவள் பேசவில்லை. இன்றும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி.

கல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவுக்கு ஹுல்கி அதை முட்டுக் கொடுத்துவிட்டார். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அடடா, என்ன வேலப்பாடு! யாரு செஞ்சது?"

ஹுல்கி தேநீருக்குள் குனிந்துகொண்டார். வில்தான் குண்டுகளை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நாந்தான்," என்றார் ஃபிக்ரெத். "எட பாக்க மட்டும் ஒதவாது." அதை அவரிடமிருந்து வாங்கி, குனிந்து, துலிப் பூ தரையைப் பார்க்கும்படி கதவடியில் வைத்தார்.