சிவப்புக் காருக்குப் புகைச் சான்றிதழ்

முதல் தடவை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது என் கார் தோற்றுவிட்டது. பரிசோதகர் புகைக் குழாய்க்குள் கம்பியைச் செருகி, என்னை எஞ்சினை முறுக்கச் சொல்லி, திரையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், இது மூச்சு விடுறதே விஷம்தான். திருத்திக்கொண்டு வாங்க." பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. பழைய பத்திரம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதிய காலத்தில் ஜப்பானில் செய்த வண்டி அது. இரண்டு கதவு, இரண்டு பேருக்கு மட்டும் இடம், பதுங்கிய பூனை மாதிரி தாழ்ந்த உடம்பு, நல்ல சிவப்பு. பேராதனையில் இருந்த ஒரு டாக்டர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது விற்றார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கண்டியில் ஒரு அரசாங்கக் காரியாலயத்தில் கிளார்க். கல்யாணம் இனி நடக்காது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது, நானும்தான். அதற்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து இந்தக் காரை வாங்கினேன். காரியாலயத்தில் பல நாள் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். அப்போது என்னோடு கட்டுகஸ்தோட்டையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். "ரோட்டுலயே ஒக்காந்து போற மாதிரி இருக்கு புள்ள" என்பாள். வத்தேகமை, திகன, ஒரு தடவை மாத்தளை வரைக்கும்கூடப் போனோம்.

கடைசி மாதங்களில் அம்மா கம்பளையில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி பள்ளிக்கூட வாத்தியார். பகலில் பார்த்துக்கொள்ள அங்கே அவன் மனைவி இருந்தாள், என் வீட்டில் யாரும் இல்லை என்பதால் அனுப்பினேன். ஒரு விடியற்காலை போன் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

தம்பி வெளியே வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தான்.

"சாவு வீட்டுக்கு செவப்புக் கார்லயா வர்ற? கல்யாண ஊர்வலமா இது?"

தெருவில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அம்மாவை அடக்கம் செய்த கையோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அவன் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் கூப்பிட வேண்டும் என்று அவன் இருந்திருப்பான். ஆறு வருஷம் போய்விட்டது.

சான்றிதழ் கிடைக்காத அன்று, காரியாலயத்தில் ஒருவர் மடவளையில் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார். பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கராஜ். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கு; முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்றே கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் காரை ஒருவர் புகழ்ந்தது அதுதான்.

எஞ்சினைத் திறந்து நான்கு பிளக்கையும் கழற்றி, ஒரு பழைய பத்திரிகையில் வரிசையாக வைத்தார். நான்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன.

"மிஸ், இத எங்கெல்லாம் கொண்டு போறீங்க?"

"ஒப்பீசுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. எப்பயாவது மார்க்கட்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் நானா."

"எவ்வளவு நேரம் ஓட்டம்?"

"பத்து நிமிஷம் வரும்."

அவர் ஒரு பிளக்கை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் கறுத்துப் போனது. "எஞ்சின் சூடாக முந்தி நீங்க எறங்கிடுறீங்க. பெற்றோல் பாதிதான் எரியுது. மிச்சம் எல்லாம் கரியா உள்ளுக்கே படிஞ்சி ஈக்கு. காபரேட்டர் சோக்கும் பாதியில இறுகிப் போய் ஈக்கு. வீட்டுல வேற யாரும் இத எடுத்து ஓட்ற இல்லயா?"

"வேற யாரும் இல்ல நானா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்குத்தான், யாரோ வீட்டுக்குள் புகுந்து ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு தலையணை என்று எண்ணிப் பார்த்துவிட்ட மாதிரி வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் வண்டி அங்கே நின்றது. வேலை முடிந்து பஸ் பிடித்து மடவளைக்குப் போவேன். அவர் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, வீட்டிலிருந்து பிளேன்டீ வரவழைத்துக் கொடுப்பார். காபரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகப் பெற்றோலில் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடைத்துப் போன ஓட்டைக்குள் மெல்லிய செம்புக் கம்பியை விட்டு விட்டு எடுப்பார். காற்று வடிகட்டியைத் தட்டியபோது அரை உள்ளங்கை தூசி கொட்டியது. எண்ணெய் மாற்றினார், புதிய பிளக் போட்டார். நான் அங்கே இருக்கத் தேவையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஒரு தடவையும் போகச் சொல்லவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொன்னதும் நானே எழுந்து வந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் காரைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "நம்ம வேல முடிஞ்சி. இனி உங்கட வேல. நாளைக்கு டெஸ்டுக்குப் போக முந்தி நல்லா ஓட்டணும், டவுனுக்குள்ள இல்ல. கம்பளை வரைக்கும் போய்ட்டு வாங்க. மூணாம் கியர்லயே இழுங்க. கத்தும், பயப்படாதீங்க. திரும்பி வந்து, சூடு ஆற முந்தி நேரா சென்டருக்குள்ள விடுங்க."

"வேற ஊர் சொல்லுங்க நானா."

"ஏன், கம்பளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பன்வில பக்கம் போனா முழுக்க வளைவு, கால் பிரேக்லயே ஈக்கும். கம்பளை ரோட்டுதான் சரி மிஸ்."

அடுத்த நாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஆற்றோரமாக ஹல்லொலுவ வழியே பேராதனைக்கு வந்து, கெலிஓயா தாண்டியதும் மூன்றாம் கியரில் வைத்து மிதித்தேன். கார் கத்தியது. கொஞ்ச தூரம் பின்னால் கருப்புப் புகை போனது. பிறகு அதுவும் நின்றுபோனது. சத்தமே மாறிவிட்டது. தொண்டையில் கட்டியிருந்த சளி விலகி ஒருவர் பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், எதையோ சொல்ல. அங்கே என் கைப்பை கிடந்தது.

கம்பளை டவுனுக்குள் நுழைந்ததும் திரும்பியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்ப இடம் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஒரு தெருவுக்குள் போனேன், அங்கிருந்து இன்னொன்று. தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளம்பாதோ என்று பயம். வண்டியைப் பற்றியா என்னைப் பற்றியா அந்தப் பயம் என்று தெரியவில்லை. கேட்டுக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். ஈரக் கையை உடுப்பில் துடைத்தபடி ஒரு பெண் வெளியே வந்தாள். எனக்குத் தெரியாத முகம்.

"யாரத் தேடுறீங்க?"

"இங்க ஒரு வாத்தியார் இருந்தாரு..."

"சாரா? அவங்க போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதே. சாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, தெரியாதா? பேச்சும் போயிருச்சு. வத்தளைக்கு, மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க." என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அக்கா என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளே கூப்பிட்டிருப்பாள். அக்காவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்றும் கேட்டிருப்பாள். சாருக்குக் கடிதம் வந்தால் சொல்ல ஒரு நம்பர் வைத்திருப்பதாகச் சொல்லி, கலண்டரின் பின்னாலிருந்து எழுதிக் கொடுத்தாள். அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

வந்த வழி எதுவும் நினைவில்லை. மூன்றாம் கியரிலேயே வந்திருக்கிறேன், அது மட்டும் தெரியும். பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்தபோது எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அதே பரிசோதகர்தான். கம்பியைச் செருகினார், முறுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி முறுக்கச் சொன்னார். திரையை இரண்டு தடவை பார்த்தார்.

"என்ன செய்தீங்க மிஸ்? புது வண்டி மாதிரி இருக்கு. பாஸ்."

நான் தலையாட்டிவிட்டுக் காரைக் கிளப்பினேன். அவர் பின்னால் ஓடி வந்து கண்ணாடியில் தட்டினார். சான்றிதழை வாங்காமலே போகப் பார்த்திருக்கிறேன்.

தெருவோரம் நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ், நானா."

"அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னேனே."

தட்டுகளின் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. தம்பியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"மிஸ், சாப்பாட்டுல ஈக்கிறேன். பொறகு எடுக்கட்டா?"

"வேண்டாம் நானா, இதைத்தான் சொல்லணும்னு எடுத்தேன்."

அடுத்த நாள் பூசைக்குப் பிறகு, கோயில் முற்றம் காலியாகும் வரைக்கும் காருக்குள் இருந்தேன். பிறகு அந்த நம்பரை அழுத்தினேன். எடுத்தது தம்பி மனைவி. என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அண்ணியா?"

"ஏன்மா எனக்குச் சொல்லல?"

"சொல்லி நீங்க வராம விட்டா அவரு தாங்க மாட்டாருன்னு நெனச்சேன் அண்ணி. சொல்லாம விட்டா, தெரியாததாலதான் வரலன்னு நாங்க வச்சுக்கலாமில்ல."

வத்தளை விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தக் கிழமை அனுமதிப்பத்திரம் எடுத்தேன். சனிக்கிழமை விடியக் கிளம்பிக் கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கி, பதினொரு மணி போல வத்தளைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தம்பி ஜன்னலோரம் கதிரையில் இருந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன், என்னைவிடக் கிழவனாக இருந்தான். வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. ஆறு வருஷமாக நான் மனசுக்குள் இரண்டு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்று அவனைத் திட்டுவது, மற்றது மன்னிப்புக் கேட்பது. இரண்டுமே அங்கே உதவவில்லை.

என்னைப் பார்த்ததும் வாயை அசைத்தான். "அ... அ..." என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் போய் அவன் பக்கத்தில் முழங்கால் போட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "இந்தப் பாரிச வாதத்துல சும்மாவே அழுக வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. டீவியில வெளம்பரம் பார்த்தாலும் அழுவாரு."

முகத்தைத் துடைத்துவிட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல் பரிசோதனையைப் பற்றி, மடவளைக்காரரைப் பற்றி, கரி பிடித்த பிளக்கைப் பற்றி எல்லாம் சொன்னேன். சோறு பிசைந்து ஊட்டினேன். பாதியில் தூங்கிப் போனான். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்று மூன்று மணிக்குக் கிளம்பினேன். மாவனெல்லையைத் தாண்டியதும் மழை. கண்ணாடித் துடைப்பான் சத்தத்தோடு தனியாக ஏறி வந்தேன்.

இப்போது மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை போகிறேன். போகும் ஒவ்வொரு தடவையும் அவன் அழுகிறான். எனக்காக அழுகிறானா, நோய் அழ வைக்கிறதா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். தலையை ஆட்டிப் பதில் சொல்ல அவனால் முடியும். நான் இன்னும் கேட்கவில்லை.